நீ வாங்கிய கறுப்புக் கண்ணாடி

போன வெள்ளிக்கிழமை உன் ஊர்க்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்தார். அல் குசைஸில் நம் ரூமுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் நின்றுகொண்டு போன் அடித்தார். இறங்கிப் போனேன். கையில் சின்ன அட்டைப்பெட்டி. "உங்க ஃப்ரெண்டு வீட்டுல குடுத்துவிட்டாங்க. முறுக்கு இருக்குன்னாங்க. வந்து சேர்றதுக்குள்ள நொறுங்கிருச்சோ என்னமோ, பிரிச்சுப் பாத்துக்குங்க" என்றார். அவருக்கு ஒரு டீ சொல்லிக் குடிக்கவைத்து அனுப்பினேன்.

முறுக்கு நொறுங்கித்தான் இருந்தது. அதற்கு அடியில் ஒரு நீலக் கம்பளித் தொப்பி. பனிக்கூடத்தில் நீ ட்யூட்டிக்குப் போட்டுக்கொள்வாயே, அதே தொப்பி. எடுத்து மோந்து பார்த்தேன். உன் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் அதில் இருந்தது. உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்தால் கறுப்புக் கண்ணாடி. மேலே பிளாஸ்திரி ஒட்டி, ஊருக்குப் பெட்டி கட்டும்போது எழுதுகிற தடித்த மார்க்கரால் என் பேரை எழுதியிருந்தாய். கோழி கிளறின மாதிரி உன் கையெழுத்து.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் உன்னிடம் இரண்டு பொய் சொல்லியிருந்தேன். நீ போகவேண்டிய ஜப்பானுக்கு நான் போனதை மறைத்தது ஒன்று. உன் ஆபரேஷன் அன்றைக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ட்யூட்டி என்று சொல்லி வராமல் இருந்தது இன்னொன்று. இரண்டும் உனக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று. என்னைப்போல ஒரு மடையன் இந்த துபாய் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

உனக்கே தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்லத் துப்பில்லாதவன் இப்படியாவது சொல்லவேண்டும்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அந்த மாலுக்குள் இருக்கிற பனிச்சறுக்குக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே மைனஸில் பனி. நீ அரியலூர், நான் முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு பேரும் அதுவரை பனி என்றால் மார்கழி மாதம் புல்லில் இருக்குமே, அதைத்தான் பார்த்திருந்தோம். எனக்குக் கவுண்டரில் பூட்ஸும் ஜாக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. உனக்குச் சரிவில் பனியை வாரி நிரவுகிற வேலை. அப்புறம் அந்த நிரவுகிற வண்டியையே ஓட்டக் கற்றுக்கொண்டாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெயிலில் போய் நிற்போம். ஐந்து நிமிடம் கழித்து, "போதும்டா, வெந்து போயிருவோம்" என்று திரும்ப உள்ளே ஓடிவருவோம். எது வேண்டும் என்று நமக்கே தெரியாத பிழைப்பு அது.

உள்ளே உனக்கு ஒரு குறை இருந்தது. கூரை முழுக்க லைட்டு இருப்பதால் அங்கே யாருக்கும் நிழல் ஒழுங்காக விழாது. ஒருநாள் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு காலுக்குக் கீழே பார்த்தாய். "நெழலே இல்லாம வேல பாக்கறோம்டா. பேய்க்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "நெசப் பனி வெயில்ல கெடக்குமாமே. வெயிலும் அடிக்குமாம், பனியும் உருகாதாம். அத ஒருதடவ பாக்கணும் மாப்ள. ஒரே ஒரு தடவ" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அதையே சொல்லியிருக்கிறாய். சில நாள் எரிச்சலில், "அதப் பாத்து என்னத்தக் கிழிக்கப்போற?" என்று கேட்டிருக்கிறேன். "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பாய்.

அப்புறம்தான் அந்த நோட்டீஸ் வந்தது. வண்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் ஜப்பானில் ஒரு பனிமலையில் ஒரு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள், நம் ஆட்களில் சூப்பர்வைசரும் இன்னொருவரும் போகவேண்டும் என்று. அந்த இன்னொருவர் நீ. நோட்டீஸ் போர்டில் உன் பேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். அந்த வார லீவிலேயே என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாய். "பனியில வெயில் பட்டா கண்ணு போயிருமாம்டா, கண்ணாடி போடணுமாம்" என்று முக்கால் மணி நேரம் கண்ணாடி பார்த்தாய். கடைக்காரப் பட்டாணியர் வெறுத்துப்போய், "பாய், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார். கடைசியில் இந்தக் கண்ணாடியை எடுத்தாய். மறுநாள் கூடத்துக்குள் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினாய். "உள்ள எதுக்குய்யா கூலிங் கிளாஸ், வெயிலா அடிக்குது?" என்று சூப்பர்வைசர் திட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டு கழற்றித் தொப்பிக்குள் வைத்தாய்.

ஜப்பான் போவதற்கான மெடிக்கலில்தான் உன் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று கண்டுபிடித்தார்கள். மூச்சு வாங்குவதை நீ குளிரால் என்று நினைத்திருந்தாய். உடனே ஆபரேஷன் என்றார்கள். இன்ஷூரன்ஸ் இங்கேதான், ஊருக்குப் போய்ச் செய்ய வழியில்லை. உன் பெண்டாட்டிக்கு விசா எடுத்துக் கூட்டிவரவும் நேரமில்லை. வெள்ளிக்கிழமை அட்மிஷன், புதன்கிழமை ஆபரேஷன். நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "புதன்கிழமை மட்டும் லீவு போட்ருடா. உள்ள கொண்டுபோகும்போது தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா போதும் எனக்கு." நான் உன் கையைப் பிடித்து, "இது ஒரு பேச்சா, இருக்கேன்" என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் நான் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "அவன் சீட்டு சும்மா போகுது. உன்கிட்ட பாஸ்போர்ட் ரெடியா இருக்கு. போறியா?" நான் யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். விசா வேலையெல்லாம் நீ டெஸ்டுக்கும் ஸ்கேனுக்கும் அலைந்துகொண்டிருந்த நாட்களில் உனக்குத் தெரியாமல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். புதன்கிழமையைப் பற்றி நினைவு வந்தபோதெல்லாம், பெரிய ஆஸ்பத்திரி, நாம் போய் நின்றால் மட்டும் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். நீயே கேட்டாய். "என் சீட்டு யாருக்குடா போச்சு?"

"யாருக்கும் இல்ல மாப்ள. சூப்பர்வைசர் மட்டும் போறாராம். அடுத்த வருசம் உன்னையே அனுப்பறாங்களாம்."

உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார். "அப்பச் சரி. கண்ணாடி வீணாப் போகாது" என்றாய். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்யோடு அடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். "புதன்கிழமைக்கு லீவு கேட்டேன். மாஃபி, கெடையாதுன்னுட்டாங்க. ஆள் பத்தலயாம்." நீ "கெடக்குது விடு. ட்யூட்டின்னா என்ன பண்ணுவ" என்று என் தொடையைத் தட்டினாய். கீழே இறங்கிவரும்போது லிஃப்டின் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பனிமலையைப் பற்றி உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் இரண்டு நாளும் வகுப்பும் மழையுமாகப் போயிற்று. புதன்கிழமை காலையில் மேகம் எல்லாம் விலகி வெயில் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து ஒரு பஸ்ஸில் மேலே கூட்டிப்போனார்கள். வேலைநாள் என்பதால் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. வந்தவர்களும் பாதிப்பேர் வயசானவர்கள். எழுபது வயசுப் பாட்டா ஒருவர் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து போனார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மேலே நீலம், நம் ஊரில் மழை ஓய்ந்த மறுநாள் இருக்குமே அந்த நீலம். கீழே எல்லாம் வெள்ளை. வெயில் அதன்மேல் விழுந்து திரும்ப மூஞ்சியில் அடிக்கிறது. பனி உருகவில்லை, மாப்ள. நீ சொன்னது சரிதான். உருகாமல் அப்படியே கிடக்கிறது.

நம் கூடத்துப் பனியை மிதித்தால் அரைத்த உப்பை மிதித்த மாதிரி இருக்கும். இது காலடியில் கறுக் கறுக் என்று பேசுகிறது. கை நிறைய அள்ளினால் கனமே இல்லை. நாற்காலி ஒவ்வொன்றாக மேலே போகிற கம்பி லிஃப்ட் ஒன்று இருந்தது. அதன் கீழே ஒரு ஆள் துடைப்பத்தோடு நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு நாற்காலியிலும் இருக்கிற பனியைத் துடைத்துவிட்டு, உட்காருகிறவருக்குக் குனிந்து ஒரு வணக்கமும் வைத்தார். கூட்டமே இல்லை. காலி நாற்காலி வந்தாலும் அதையும் துடைத்தார். நீ பார்த்திருந்தால் அவரோடு அரைமணி நேரம் சைகையிலேயே பேசியிருப்பாய். மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் சோற்றில் ஏதோ குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது. எனக்கு ஜாக்கெட்டுக்குள்ளே வியர்த்தது. பனியில் நின்று வியர்க்கும் என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? உன்னிடம் சொன்னால் நம்புவாய், உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் ஒளிக்கவில்லை. உன்னை உள்ளே கொண்டுபோகிற நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. அங்கே துபாயில் காலை எட்டரை. நம் ரூமில் எல்லாரும் வைத்திருக்கிற அந்த ஆப்பில் வீடியோ கால், திரையில் உன் முகம். எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும். எடுத்தால்? என் பின்னால் வெள்ளைப் பனி, மேலே கம்பெனி ஜாக்கெட். நூறு தடவை நீ என்னை இப்படித்தான் பார்த்திருக்கிறாய். கூடத்தில் ட்யூட்டியில் இருப்பதாகவே இருக்கட்டும் என்று எடுத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

நீ பச்சை அங்கி போட்டுப் படுத்திருந்தாய். தலைமாட்டில் யாரும் இல்லை. "இன்னும் பத்து நிமிசத்துல கூப்பிடுவாங்களாம். போன வாங்கி வெச்சுருவாங்களாம். அதான் அடிச்சேன்" என்றாய். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நெட்டு நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"கூட்டம் இருக்காடா?"

"இல்ல மாப்ள. வேலநாள்தானே."

"கண்ணச் சுருக்குறியே. கூசுதா?"

"ம்... புது லைட்டு போட்ருக்காங்க."

நீ மெதுவாகச் சிரித்தாய். "நல்ல லைட்டாத்தான் போட்டுருக்காங்க" என்றாய். அப்புறம், குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் போனத் திருப்பிக் காட்டேன்டா. மேல காட்டேன்" என்றாய்.

"கவுண்டர்ல கூப்பிடறாங்க மாப்ள, வெச்சுர்றேன். தைரியமா இரு" என்று கட் பண்ணிவிட்டேன்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்தேன். என் காலிலிருந்து ஆரம்பித்துப் பனியின்மேல் என் நிழல் நீளமாகக் கிடந்தது. தொப்பி, காது, ஜாக்கெட்டின் காலர் எல்லாம் தெளிவாகத் தெரிகிற ஒரு நிழல். இது திரையில் தெரிந்திருக்குமோ? சின்னத் திரை, மருந்து கொடுத்திருப்பார்கள், மயக்கத்தில் கவனித்திருக்க மாட்டாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு மாலை வரை நான் மேலே பார்க்கவில்லை.

நல்லவேளையாக ஆபரேஷன் சரியாக முடிந்தது. சனிக்கிழமை வந்து பார்த்தேன். வெயிலில் வெந்து என் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நீ அதையே பார்த்தாய். "ஜலதோஷம், துடைச்சுத் துடைச்சு உரிஞ்சுபோச்சு" என்றேன். "மருந்து போடு" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன். இல்லை, இதுவும் பொய். திட்டாமல் இருந்தாயே என்று அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

குளிரில் வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதால் உன்னை வெளியே டிக்கெட் கேட்டில் நிறுத்தினார்கள். கொஞ்ச மாதம் ஓட்டினாய். பிறகு விசாவை கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாய். உன் பெட்டியை நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன் நின்று, "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லல்லடா?" என்றாய். "இல்லயே" என்றேன். "சரி அப்ப" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாய். எனக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய், நான்தான் நுழையவில்லை. ஐந்தாவது மாதம் உன் மச்சினன் மெசேஜ் போட்டான். காலையில் பல் தேய்க்கும்போதே விழுந்து உயிர் போய்விட்டதாம். வரவேண்டும் என்று நினைத்தேன். அப்போதும் லீவு இல்லை. இந்தத் தடவை அது நிஜம், ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டி வந்த வெள்ளிக்கிழமையே உன் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன். முறுக்கு கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன். அந்தத் தங்கச்சி, "அந்தக் கண்ணாடிய உங்க பேரு எழுதி அவரேதான் தொப்பிக்குள்ள வெச்சிருந்தாருண்ணே. யாராச்சும் துபாய் போனா குடுத்துவிடுன்னாரு. எதுக்குன்னு கேட்டேன், அவனுக்குத் தெரியும்னாரு" என்றது. பிறகு அழ ஆரம்பித்தது. "ஆபரேசன் அன்னிக்கு நீங்க அவரு கையப் புடிச்சுக்கிட்டே இருந்தீங்களாமே. உள்ள கொண்டுபோற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தீங்கன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. அதக் கேட்டுத்தான்ணே நான் இங்க மனசத் தேத்திக்கிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

நான் போனை வைத்தேன்.

நீ என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். என் பொய்யைத் தெரிந்துகொண்டு, எனக்காக நீயும் ஒரு பொய்யைச் சொல்லி, அதை உன் வீட்டில் உண்மையாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான்கு நாள் அதை வைத்துக்கொண்டு திண்டாடினேன். கவுண்டரில் ஒரு பெரியவருக்கு இரண்டு காலுக்கும் வேறு வேறு சைஸ் பூட்ஸ் கொடுத்து ஏச்சு வாங்கினேன். அந்தத் தங்கச்சி நல்லா இருக்கணும் என்று சொன்னது, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எனக்குச் சேரவேண்டிய வார்த்தை இல்லை. சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் மிஞ்சும் என்று ஒரு மனம் சொன்னது. அது என் பழைய மனம்தான், உரிந்த மூக்கை ஜலதோஷம் என்று சொன்ன அதே மனம்.

இன்று மத்தியானம் மறுபடி போன் போட்டேன். வேறு எதையும் பேசுவதற்கு முன் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, ஆபரேசன் அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இல்லம்மா. ஜப்பான்ல இருந்தேன். அவன் போகவேண்டிய எடத்துக்கு நான் போயிட்டேன்."

அந்தப் பக்கம் உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது கேட்டது.

"அப்ப அவரு பக்கத்துல யாருண்ணே இருந்தா?"

"யாரும் இல்லம்மா."

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. உன் போன் வந்தது, நான் லைட்டு என்று சொன்னது, நீ சிரித்தது, திருப்பிக் காட்டச் சொன்னது, நான் கட் பண்ணியது, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும், சாபம் விடட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடி மடியில் கிடந்தது. பிளாஸ்திரியை இன்னும் பிரிக்கவில்லை.

தங்கச்சி மூக்கை உறிஞ்சியது கேட்டது. அப்புறம் மெதுவாக, "காட்டியிருக்கலாம்லண்ணே" என்றது.

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டது.